மேகம் தீட்டிய நெகடிவ்

உச்சி வெயிலில் ஒரு கோட்டை வாசலைப் படமெடுக்கிறவன் வாசலின் உள்ளிருட்டையும் அதற்கு மேலுள்ள வானத்தையும் ஒரே எக்ஸ்போஷரில் பிடித்துவிட முடியாது. எதை இழப்பது என்று தீர்மானித்தாக வேண்டும். புகைப்படக்கலையின் வரலாற்றில் ஒரு பகுதி இந்தத் தீர்மானத்தைத் தள்ளிப்போட நடந்த முயற்சிகளின் வரலாறு.

தளிக்குக் கிழக்கே ராயக்கோட்டை. சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராயிருந்த காப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1857 கடைசியில் பெங்களூரிலிருந்து கிளம்பி இவ்வழியே தெற்கே போனார். ராயக்கோட்டையும் அன்றைய சேலம் ஜில்லாவின் பிற இடங்களும் அடங்கிய அவரது படத்தொகுதி 1858இல் சென்னையில் வெளியாயிற்று. அக்காலத்து ரசாயனம் பெரிதும் நீல ஒளிக்கே இணங்கும். பாறையும் மரமும் பதிவதற்குள் வானம் அளவு மீறிவிடும்; பிரதியில் வெற்று வெள்ளை. 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய் எடுத்த படங்களிலேயே ட்ரைப் இதற்கொரு பரிகாரம் கண்டிருந்தார். நெகடிவின் மீது கையால் மேகம் தீட்டினார்.

அதே ஆண்டுகளில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே வேறு வழி போனார். கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒன்று. தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே பிரதி. அவருடைய ஒரே வானம் வெவ்வேறு கடல்களின் மேல் வருவதுண்டு.

இன்றைய பிராக்கெட்டிங்கின் மூதாதை இதுதான். டிஜிட்டல் காமிராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸின் துவாரத்தை மாற்றாமல், ஷட்டர் நேரத்தை மட்டும் மாற்றி மூன்று படங்கள்: அளவானது ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று. ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இருமடங்கு. ஆகவே இரு கோடிகளுக்கும் இடையே 16 மடங்கு. குறைத்ததில் வானம் தங்கும், கூட்டியதில் இருட்டுக்குள்ளிருப்பது தெரியும். மென்பொருள் மூன்றையும் சேர்த்துவிடும். இன்றைய செல்போன்கள் பலவும் நம்மைக் கேட்காமலே இதைச் செய்கின்றன.

பிரச்னை இங்கேதான். ட்ரைப்பின் மேகம் அரசாங்க ஆவணத்துக்குள் நுழைந்த கற்பனை. ஆனால் உற்றுப் பார்த்தால் தூரிகைத் தடம் தெரிகிறது. கேள்வி கேட்க முடிகிறது. சேர்த்த டிஜிட்டல் படத்தில் தடமில்லை. வாசலைக் கடந்து போகிறவன் மூன்று படங்களிலும் மூன்று இடத்தில் இருப்பான். சேர்க்கையில் அவன் நிழலுருவாகத் தேய்வான், அல்லது அடியோடு நீக்கப்படுவான். கல்லுக்கு இது பாதகமில்லை. நடமாடும் மனிதனுக்கு இது வரலாற்றிலிருந்து வெளியேற்றம்.

பிராக்கெட்டிங்கை நான் மறுக்கவில்லை. இருட்டையும் வெளிச்சத்தையும் ஒருசேரப் பார்க்க விரும்புவது நியாயமானது. ஆனால் சேர்த்த பிறகு அந்த மூன்று மூலப் படங்களையும் அழித்துவிடக் கூடாது. நடந்து போனவன் அவற்றில்தான் இருக்கிறான்.