மாதிரித் துணியும் மறுதபாலும்: தூரத்திலிருந்து தையல் சொல்லிக்கொடுத்த கதை

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பொன்னேரியில் தையல் கடை வைத்திருக்கிறாள். ப்ளவுஸ், சுடிதார், பிகோ, ஃபால்ஸ், இப்போது ஆரி ஒர்க்கும் செய்கிறாள். "சார், ஒன்பதாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைங்களுக்கு ஆன்லைன்ல தையலும் ஃபேஷன் டிசைனிங்கும் சொல்லித் தரலாம்னு இருக்கேன். நாற்பது வீடியோ போடப் போறேன். நீங்க பாடத்திட்டம் எழுதித் தாங்க" என்றாள்.

"எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாதேம்மா" என்றேன்.

"தையல் எனக்குத் தெரியும் சார். பாடத்தை எப்படிப் பிரிக்கணும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

மறுக்க முடியவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் முதலில் கற்ற பழக்கம், ஒரு பாடத்தை நடத்துவதற்கு முன்னால் அதை நமக்கு முன்னால் யார் எப்படி நடத்தினார்கள் என்று பார்ப்பது. ஆன்லைன் புதிதாக இருக்கலாம். தூரத்தில் இருப்பவருக்குத் துணி வேலை சொல்லிக்கொடுப்பது புதிதில்லை. தேடிப் படித்தபோது அந்தக் கதை நம் பக்கத்து ஊரிலேயே இருந்தது.

பழவேற்காட்டுக்கு நாம் எத்தனை முறை சுற்றுலா போயிருப்போம்! அங்கே டச்சுக் கல்லறையைப் பார்த்துவிட்டு, ஏரியில் படகு சவாரி போய்விட்டு, மீன் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். டச்சுக்காரர்கள் அங்கே வந்தது துணிக்காக. 1610-ல் வாணிபக் கிடங்கு, 1613-ல் கெல்டிரியா கோட்டை. 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகரம் பழவேற்காடுதான். இங்கே துணி வாங்கி, இன்றைய இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய், அங்கே மிளகு, கிராம்பு, ஜாதிக்காய்க்கு மாற்றினார்கள்.

அந்தத் தீவுக்காரர்களுக்கு என்ன கட்டம், என்ன நிறம், என்ன நீளம் பிடிக்கும் என்று நம் ஊர் நெசவாளிக்கு எப்படித் தெரியும்? மாதிரித் துணி வரும். கம்பெனி ஆட்கள் அதைக் காட்டி, அதுபோல நெய்யச் சொல்வார்கள். நெய்து வந்த துணியை மாதிரியோடு வைத்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். மலேசியாவில் இருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலிக்காட்' என்றுதான் பெயர். பெலிக்காட் என்பது புலிகாட், அதாவது நம் பழவேற்காடு. மாதிரி போனது, வேலை திரும்பி வந்தது, யாரோ ஒருவர் அதைக் கையில் பிடித்துப் பார்த்தார். வியாபாரி சரியில்லாததைத் தள்ளிவிடுவார், ஆசிரியர் திருத்திக் கொடுக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

நெசவிலிருந்து தையலுக்கு வருவோம். அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863-ல் ஒரு காரியம் செய்தார். உடைகளின் வெட்டு அளவைக் காகிதத்தில், ஒரே உடைக்குப் பல சைஸ்களில் வெட்டி விற்க ஆரம்பித்தார். பிறகு மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் மடித்து, உறையில் போட்டு, தபாலில் அனுப்பினார்கள். தையல்காரர் இல்லாத கிராமத்துப் பெண்ணும் காகிதத்தைத் துணிமேல் விரித்து வெட்டிக்கொள்ளலாம். ஆனால் வெட்டியதைச் சரியாகத் தைத்தாளா என்று பார்க்க ஆள் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் மேரி ப்ரூக்ஸ் பிக்கன். பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் என்று ஒரு நிலக்கரி ஊர். 1890-களின் தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் தேர்வெழுதி மேலே வருவதற்காக அங்கே ஒரு தபால்வழிப் பள்ளி தொடங்கியிருந்தார்கள். அதன் துணையோடு 1916-ல் பிக்கன் அம்மையார் பெண்களுக்கான தபால்வழித் தையல் பள்ளியைத் தொடங்கினார். பாடப் புத்தகம் சின்னச் சின்னப் பகுதிகளாக வீட்டுக்கு வரும். படித்து, பதில் எழுதி, தைத்த மாதிரித் துண்டையும் உறையில் போட்டு அனுப்ப வேண்டும். அங்கே ஆசிரியைகள் அதைப் பார்த்து, திருத்தி, மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அப்படிப் படித்தார்கள். இன்றைய யூட்யூப் வகுப்பை விட இந்தத் தபால் வகுப்பு ஒரு படி மேல் என்றுதான் எனக்குத் தோன்றியது. யூட்யூபில் பாடம் வருகிறது, நம் துணி திரும்பிப் போவதில்லை.

இன்னொன்றும் வேண்டும், மெஷின். சிங்கர் கம்பெனி 1856-லேயே தவணை முறையில் மெஷின் விற்க ஆரம்பித்ததால்தான் அது சாதாரண வீடுகளுக்குள் வந்தது. இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு சந்தேகப்பட்ட காந்தியடிகளே சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். 1924-ல் ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டபோது சொன்ன பதில் அது. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் செய்த கருவி என்று காந்தி அதைப் பற்றிச் சொன்னார். அந்த ராமச்சந்திரன்தான் பிற்காலத்தில் டாக்டர் சௌந்திரம் அம்மையாரோடு திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கியவர்.

இனி நம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. அதே ஆண்டு மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசியக் குழு, மேல்நிலைப் படிப்பில் தொழிற்கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 'செய்யக் கற்றல்' என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். அறிக்கை எழுதியவர் நம் வேலூர்க்காரர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். தமிழ்நாடு தொழிற்பாடப் பிரிவுகளை உடனே தொடங்கிய மாநிலங்களில் ஒன்று. ஆடை வடிவமைப்பும் அதில் ஒரு பிரிவாக இன்றுவரை இருக்கிறது.

கீழ் வகுப்புகளில் தையல் எப்படி இருந்தது? இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சொல்லத்தான் வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வாரத்துக்கு இரண்டு தையல் பீரியட். பெண் பிள்ளைகளுக்கு மட்டும். பையன்கள் மைதானத்துக்குப் போய்விடுவார்கள். பரீட்சை நெருங்கினால் நான் தையல் டீச்சரிடம் போய், "டீச்சர், போர்ஷன் முடியல, உங்க பீரியடைக் கொடுங்க" என்பேன். அந்த அம்மா ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அதை நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். மறுத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது.

இந்த மாணவி அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சார், அந்தப் பீரியட்ல நீங்க பின்னம் நடத்துனீங்க. எனக்குப் புரியவே இல்ல. அப்புறம் கடைக்கு வேலைக்குப் போய், இஞ்ச் டேப் பிடிச்சப்பதான் புரிஞ்சுது."

உண்மைதான். மார்பளவு 34 என்றால் கால் பாகம் எட்டரை. 33 என்றால் எட்டேகால். 33½ வந்தால் எட்டேகாலோடு அரைக்காலும் சேரும். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, வீசம் என்றால் பதினாறில் ஒன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியில் இருந்த இந்தச் சொற்கள் 1956 மெட்ரிக் சட்டத்துக்குப் பிறகு பாடப் புத்தகத்தை விட்டுப் போய்விட்டன. தையல் கடையில் இஞ்ச் டேப் மட்டும் இன்னும் பாதி, கால், அரைக்கால் என்றே மடிந்துகொண்டு போகிறது. நான் பிடுங்கிக்கொண்ட பீரியடில்தான் என் பாடமும் இருந்திருக்கிறது.

நான் மட்டுமா? 2012-ல் தமிழக அரசு தையல், ஓவியம், இசை, உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, தொடக்கத்தில் மாதச் சம்பளம் 5,000 ரூபாய். இவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடும் செய்தியைப் பல வருடமாகப் படிக்கிறோம். ஒரு பாடத்துக்கு நாம் என்ன மரியாதை கொடுக்கிறோம் என்பது அந்தச் சம்பளத்தில் தெரிகிறது.

சாதனங்களும் வந்தன. 2011 செப்டம்பர் 15-ல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது நம் மாவட்டத்துக் காக்களூரில்தான். 2019 ஆகஸ்ட் 26-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அது பெரிய உதவி. ஆனால் அப்போது எங்கள் தெருவில் தொழிற்பாடப் பிரிவில் படித்த ஒரு பெண்ணை நான் பார்த்தேன். வீட்டில் ஒரே ஒரு போன். அப்பா அதை எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போய்விடுவார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் போன் அவள் கைக்கு வரும். பழைய பேப்பரில் ப்ளவுஸ் அளவு வரைந்து வைத்திருந்தாள். அழகாகத்தான் இருந்தது. அதை வெட்டித் தைக்க மெஷின் இல்லை, சரியா தப்பா என்று சொல்லவும் ஆள் இல்லை. 2021 செப்டம்பர் 1-ல் மேல் வகுப்புகள் திறந்தபோது அவள் திரும்பிப் போகவில்லை. கம்பெனி பஸ் ஏறிப் பேக்கிங் வேலைக்குப் போனாள். நானும் அந்தப் பேப்பரைப் பார்த்து "நல்லா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னவன்தான்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, நாற்பது வீடியோத் திட்டத்தை நாங்கள் இருவரும் உட்கார்ந்து மாற்றினோம்.

முதல் முறை பன்னிரண்டு வாரம் மட்டும். நேரலை வகுப்பு கிடையாது. ஏழெட்டு நிமிட வீடியோ வாரத்துக்கு ஒன்று, ராத்திரி போன் வந்ததும் இறக்கி வைத்துக்கொள்ளும்படி. முதல் இரண்டு வாரம் துணியே இல்லை. இஞ்ச் டேப், பழைய செய்தித்தாள், கால், அரைக்கால் கணக்கு. அது என் பாடம், நான் நடத்துகிறேன். அடுத்த இரண்டு வாரம் கைத்தையல்: ஓட்டுத் தையல், பின் தையல், ஹெம்மிங், பட்டன், காஜா. அதற்கு மெஷின் வேண்டாம், வெட்டுத் துணி போதும்.

ஐந்தாம் வாரத்தில் மெஷின். நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின்மேலேயே ஓட்டிப் பழகுவது பழைய தையல் டீச்சர்கள் முறை. அதை அப்படியே வைத்திருக்கிறோம். பிறகு தலையணை உறை, பாவாடை, கடைசியில் ஒரு சாதா ப்ளவுஸ் அல்லது சட்டை. 'ஃபேஷன்' எங்கே சார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கழுத்து வெட்டும் கையும் அவரவர் இஷ்டம், வரைந்து காட்டிவிட்டு வெட்ட வேண்டும்.

ஒவ்வொரு வாரமும் தைத்த துண்டைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். மேல்பக்கமும் உள்பக்கமும். மேலே அழகாகத் தெரிகிற தையலின் அடியில் நூல் வளைய வளையமாகத் தொங்கும். மேல் நூல் சரியாகக் கோக்கவில்லை, அல்லது தளர்வாக இருக்கிறது என்பது உள்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். போட்டோவிலும் எல்லாம் தெரியாது. ஆகவே சனிக்கிழமை சாயந்திரம் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு மெஷின் என்று, தெருவில் தையல் தெரிந்த ஒரு அக்கா வீட்டில் கூட வேண்டும். துண்டை அந்த அக்கா கையில் வாங்கிப் பார்ப்பார்.

திண்ணைப் பள்ளியில் பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித் தருவான், சட்டாம்பிள்ளை என்போம். எழும்பூரில் இருந்த அநாதைப் பிள்ளைகள் பள்ளியில் ஆண்ட்ரூ பெல் பாதிரியார் இதுபோன்ற முறையை வைத்து நடத்தி, 1797-ல் லண்டனில் புத்தகமாக எழுத, அது 'மெட்ராஸ் முறை' என்று உலகமெல்லாம் போனது. நாம் அதைத் தெருவுக்கு ஒரு அக்காவாகத் திருப்பிக் கொண்டுவருகிறோம்.

பையன்களுக்கும் இடம் உண்டு. இந்த முறை யாரும் மைதானத்துக்கு அனுப்பப்பட மாட்டார்கள்.

இப்போது உதவி. உங்கள் வீட்டில் துணி மூடி மூலையில் கிடக்கும் தையல் மெஷின் இருந்தால் சொல்லுங்கள். மிதி மெஷினாக இருந்தாலும் பரவாயில்லை, பெல்ட் மாற்றி எண்ணெய் போட்டுக்கொள்கிறோம். மாற்றிவிட்டு டிராயரில் வைத்திருக்கும் பழைய போனும் வேண்டும். தையல் கடை வைத்திருப்பவர்கள் வெட்டுத் துணியைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு பக்கம் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய அக்காக்கள், அண்ணன்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அந்தப் பேக்கிங் வேலைப் பெண்ணின் அம்மாவிடம் போன வாரம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமைதான் லீவாம். ஒரு தெருவுக்கு மட்டும் சனிக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாக மாற்றியிருக்கிறோம்.

தையல் டீச்சர் இப்போது எங்கே இருக்கிறார் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். அவரை நேரில் பார்க்க வேண்டும். முதல் வகுப்பை அவர் தொடங்கி வைத்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்