பறிமுதல்

பறி என்றால் வலிந்து பிடுங்குதல். முதல் என்றால் தொழிலில் போட்ட பணம். இந்த 'முதல்'தான் மலாயில் 'மோடல்' ஆனது.

இந்தச் சொல்லுக்குப் பொருந்தும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன் மலாயா நகரங்களில் ஜப்பானியர் புகைப்பட நிலையம், பல் மருத்துவம், சில்லறைக் கடை நடத்தினார்கள்; ஜொகூரில் ரப்பர்த் தோட்டங்களும் வைத்திருந்தார்கள். 1941 டிசம்பரில் போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசு அவர்களைப் பெண்கள், குழந்தைகளோடு பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. டெல்லி புரானா கிலாவில் கூடாரங்கள்; பிறகு ராஜஸ்தானின் தேவ்லி முகாம். விட்டுப்போன கடையும் தோட்டமும் 'எதிரிச் சொத்து' ஆயின. 1942இல் ஆட்சியைப் பிடித்த ஜப்பான், ஆங்கிலேயர் தோட்டங்களை அதே பெயரில் எடுத்துக்கொண்டது.

சயாம்-பர்மா ரயில்பாதை வேலையில் மலாயாவின் நம் தமிழ்த் தோட்ட மக்களை மாளவைத்த ஜப்பானியப் படையின் கொடுமைக்கு மன்னிப்பே இல்லை. ஆனால் கடை வைத்துப் பிழைத்தவரும் பல் பிடுங்கியவரும் அந்தப் படை அல்லர். அவர்கள் சொத்தை எடுத்துக்கொண்டதைக் 'கையகப்படுத்தல்' என்று எழுதுவது தவறு. அந்தச் சொல்லில் இழப்பீட்டின் சாயல் உண்டு. பறிமுதல் என்பதே சரி. 1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையும், தாம் கைப்பற்றிய ஜப்பானியர் சொத்துகளை நேச நாடுகளே வைத்துக்கொள்ள உரிமை தந்தது.