இரண்டாம் உலகப் போர்க்காலக் குறிசூட்டுத் தொலைநோக்கிகள்

குறிசூட்டுத் தொலைநோக்கி என்பது தொலைவிலுள்ள இலக்கைத் துல்லியமாகக் குறிபார்ப்பதற்காகத் துப்பாக்கியில் பொருத்தப்படும் ஒளியியல் கருவியாகும். இரண்டாம் உலகப் போரில் (1939–1945) ஈடுபட்ட நாடுகள் வெவ்வேறு வகைத் தொலைநோக்கிகளைப் பயன்படுத்தின. உருப்பெருக்கம் மட்டுமே இவற்றின் தரத்தைத் தீர்மானிக்கவில்லை. பார்வைப் புலத்தின் அகலம், உறுதி, பொருத்தும் முறை ஆகியனவும் போர்க்களத்தில் முக்கியமானவையாக இருந்தன.

உருப்பெருக்கமும் பார்வைப் புலமும்

உருப்பெருக்கம் கூடும்போது இலக்கு பெரிதாகத் தெரியும். ஆனால் பார்வைப் புலம் பொதுவாகக் குறுகும். கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். இதனால் நகரும் இலக்கைத் தேடிப் பிடிப்பது கடினமாகும்.

முக்கிய வகைகள்

பி.யூ. (சோவியத் ஒன்றியம்)
உருப்பெருக்கம் 3.5 மடங்கு, பார்வைப் புலம் 4.5 பாகை, நீளம் 169 மி.மீ.; எடை ஏறத்தாழ 270 கிராம். முதலில் எஸ்.வி.டி.-40 துப்பாக்கிக்காக உருவாக்கப்பட்டது. 1942 முதல் மொசின்-நாகன்ட் 91/30 துப்பாக்கியிலும் பொருத்தப்பட்டது. முந்தைய 4 மடங்கு பி.இ. வகையைவிட இது எளிய அமைப்புடையது. எனவே பெருமளவில் தயாரிக்க ஏற்றதாயிருந்தது. தொலைநோக்கி குண்டறைக்கு மேலே அமைந்ததால், மொசின்-நாகன்ட்டில் குண்டுகளை ஒவ்வொன்றாகவே நிரப்ப வேண்டியிருந்தது.

எண் 32 (ஐக்கிய இராச்சியம்)
உருப்பெருக்கம் 3 மடங்கு. பார்வைப் புலம் 9 பாகை. பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காகத் திட்டமிடப்பட்ட இது, பின்னர் லீ-என்ஃபீல்டு எண் 4 (டி) துப்பாக்கியில் பயன்பட்டது. ஒவ்வொரு தொலைநோக்கியும் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியுடன் இணைசேர்க்கப்பட்டு, அதன் வரிசை எண் துப்பாக்கியின் மரப்பகுதியில் பொறிக்கப்பட்டது. இணை மாறினால் குறி தவறக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

இசட்.எஃப். 41 (செருமனி)
உருப்பெருக்கம் 1.5 மடங்கு. கராபினர் 98கே துப்பாக்கியில் கண்ணிலிருந்து தள்ளி, பின்குறி முள்ளின் அருகே பொருத்தப்பட்டது. இதனால் குண்டுகளைக் கோர்வையாக நிரப்ப முடிந்தது. எனினும் பார்வைப் புலம் மிகக் குறுகியது. மங்கிய ஒளியில் பயன் குறைவு.

யூனெர்ட்ல் (ஐக்கிய அமெரிக்கா)
உருப்பெருக்கம் 8 மடங்கு. கடற்படைக் காலாட்படையினரின் ஸ்பிரிங்ஃபீல்டு எம்1903ஏ1 துப்பாக்கியில் பயன்பட்டது. பின்னுதைப்பின்போது இதன் நீண்ட குழல் தாங்கிகளில் முன்நோக்கி நகரும். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் அதைக் கையால் பின்னிழுக்க வேண்டும்.

ஒப்பீடு

தொலைதூர இலக்குக்கு யூனெர்ட்ல் சிறந்தது. ஆனால் நீளமும் நகரும் அமைப்பும் களத்தில் இடையூறாயின. எண் 32 அகன்ற பார்வையையும், பி.யூ. எளிமையையும் முதன்மைப்படுத்தின. இசட்.எஃப். 41 சிறப்புக் குறிசூட்டுநரைவிட, நன்கு சுடும் சாதாரணக் காலாட்படை வீரருக்கே பொருத்தமாயிருந்தது.

பிற்காலப் பயன்பாடு

வியட்நாம் போரில் கார்லோஸ் ஹாத்காக் 8 மடங்கு யூனெர்ட்ல் தொலைநோக்கியைப் பயன்படுத்தினார். எண் 32-இன் மூன்றாம் வடிவம் திருத்தியமைக்கப்பட்டு, 1970-இல் அறிமுகமான எல்42ஏ1 துப்பாக்கியில் இடம்பெற்றது.