நடுக்குவாதத்தின் ஏழை வரலாறு

லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817-இல் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பின்னாளில் அவர் பெயராலேயே வழங்கப்பட்ட நோய்க்கு அதுதான் மூலநூல். அதில் வருபவர்கள் ஆறே பேர். அவர்களிலும் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்கள் அல்லர். தெருவில் போகும்போது அவர் கண்ணில் பட்டவர்கள். அப்படிப் பட்டவர்களில் ஒருவர் முன்னாள் மாலுமி, வயது 65 இருக்கும், ஒரு காலத்தில் நல்ல திடகாத்திரமான ஆள். ஸ்பெயின் சிறை ஒன்றில் மாதக்கணக்கில் ஈரத்தரையில் படுத்துக் கிடந்ததால் வந்த வினை இது என்று நம்பினார். பார்க்கின்சன் பார்த்தபோது பிச்சையெடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். இவருக்கு மருந்து மட்டும் போதாது, சோறும் படுக்கையும் கவனிப்பும் வேண்டும், அதெல்லாம் ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும் என்று பார்க்கின்சன் அங்கே போகச் சொன்னார். மாலுமிக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. வசதியுள்ளவர் வீட்டுக்கு வைத்தியரே வந்துபோன காலம் அது. ஆஸ்பத்திரி என்பது போக்கிடம் இல்லாதவர்களுக்கானது. அந்த மனிதர் அதோடு நூலிலிருந்து மறைந்துவிடுகிறார். ஆனால் அவர் உடம்பு மருத்துவத்துக்குப் பாடமாகிவிட்டது. இந்த நோயைப் பற்றிய அறிவில் பெரும்பங்கு ஏழைகளின் உடம்பைப் பார்த்து வந்தது. அந்த அறிவின் பலனோ அவர்களிடம் கடைசியில்தான் வந்து சேர்ந்தது, பல ஊர்களில் இன்னும் சேரவேயில்லை.

ஏழைகளின் உடம்பைப் பார்த்துக் கற்கும் இந்த வழக்கம் பாரிஸில் ஒரு நிறுவனமாகவே வளர்ந்தது. நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டியவர் ழான் மார்ட்டின் ஷார்க்கோ. 1862-இல் அவர் பொறுப்பேற்ற சல்பெத்ரியேர், ஆதரவற்ற பெண்களை அடைத்து வைத்த பெரும் இல்லம். அவர் காலத்தில் சுமார் 5,000 பேர் அங்கிருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே கட்டிலில் கிடந்தவர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்ததால்தான், விறைப்பு வேறு, பலவீனம் வேறு, மந்தகதி வேறு என்று அவரால் பிரித்தறிய முடிந்தது. அதே ஷார்க்கோ 1892-இல் அதிரும் நாற்காலி ஒன்றைச் சிகிச்சைக்காக அறிமுகப்படுத்தினார். நெடுந்தூரம் ரயிலிலும் குதிரை வண்டியிலும் போய்வந்த நோயாளிகள், பயணத்தின்போது உடம்பு லேசானதாகச் சொன்னதிலிருந்து பிறந்த யோசனை அது. சல்பெத்ரியேர் கட்டிலில் கிடந்த கிழவி எந்த ரயிலில் போய்வந்து அதைச் சொல்லியிருப்பாள்? நோயின் இலக்கணம் ஒரு வர்க்கத்திடமிருந்தும், சுகத்துக்கான குறிப்பு இன்னொரு வர்க்கத்திடமிருந்தும் வந்திருக்கின்றன. (அந்த நாற்காலியால் பெரிய பலன் ஏதும் இல்லை என்பது வேறு விஷயம்.)

இந்த நோய்க்கு மருந்தான லெவோடோபாவின் கதையும் இப்படித்தான். 1961-இல் வியன்னாவில் பிர்க்மையரும் ஹோர்னிகீவிச்சும் அதை ஊசியாகப் போட்டுப் பார்த்தது லைன்ஸ் நகராட்சி முதியோர் இல்லவாசிகளுக்கு. எழுந்து உட்கார முடியாமல் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அப்படி ஓர் இல்லம் இருந்ததால்தானே அவர்களுக்குக் கவனிப்பும் புதுமருந்தும் கிடைத்தன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, வெளியே விட்டிருந்தால் மாலுமியின் கதிதான். ஆனால் தங்க இடம் கிடைத்ததற்கு விலையாக உடம்பைச் சோதனைக்குத் தருவதும், காசு கொடுத்து மருந்து வாங்குவதும் ஒன்றல்ல.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இந்த நோயில் மூளையின் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவது ஏழை, பணக்காரன் பார்த்தா நடக்கிறது? இல்லைதான். ஆனால் நோய்க்குப் பெயர் கிடைப்பது ஆள் பார்த்துத்தான் நடந்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு இந்த நோய் குறைவு என்று ஆஸ்பத்திரிக் கணக்குகளை வைத்து நெடுங்காலம் நம்பினார்கள். 1978-இல் மிசிசிப்பியின் கோபையா கவுண்டியில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது இரு இனத்தாரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. தான்சானியாவின் ஹை மாவட்டத்தில் இப்படித் தேடிப் போனபோது, கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோருக்குத் தங்களுக்கு இருப்பது இன்ன நோய் என்றே அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. கை நடுங்கினால், கால் இழுத்தால், வயசானால் அப்படித்தான் என்ற ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிந்துபோகிறது.

இப்போது மருந்து மலிவுதானே என்பார்கள். மாத்திரை மலிவுதான், நோயோடு வாழ்வது மலிவல்ல. நோய் முற்றியவருக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் மாத்திரை வேண்டும், நேரம் தவறினால் வாசற்படியிலேயே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பொத்தான் போட்டுவிட, விழாமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அந்த ஆளின் நாள் சம்பளமும் மருந்துச் செலவுக் கணக்கில்தான் சேரும். கானா நோயாளிகளையும் இத்தாலி நோயாளிகளையும் ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்த ஏற்றத்தாழ்வையே சான்றாக்கியது. நோய் தொடங்கிச் சராசரியாக 4.2 ஆண்டுகள் கழித்தே கானாவில் லெவோடோபா கிடைத்தது, இத்தாலியில் 2.4 ஆண்டுகளில். ஆனாலும் இந்த மருந்து கொண்டுவருவதாக அஞ்சப்பட்ட தொல்லைகள், அதாவது அதன் வேகம் ஏறி இறங்குவதும் உடம்பு தானாக நெளிவதும், நோய் தொடங்கிய நாளிலிருந்து பார்த்தால், இருசாராருக்கும் ஒரே காலகட்டத்தில்தான் வந்தன. ஆக, மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் பின்னால் கெடுதல் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. இதைக் கேட்டு முதலில் நிம்மதியடைந்தவர்கள், எப்போது தொடங்கலாம் என்று யோசிக்க வசதியுள்ள நாட்டினர்.

மாத்திரையும் கைக்கு எட்டாத இடங்களுக்குப் பூனைக்காலி விதை ஒரு வழியாகக் கருதப்படுகிறது. அந்த விதையில் லெவோடோபா இருப்பதை 1937-இல் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டியது சென்னையில்தான். பொலிவியாவில் வறுத்த விதைப்பொடி சோதனையில் மாத்திரைக்கு ஈடாக வேலை செய்தது. தினமும் சாப்பிடச் சொன்னபோது, பதினான்கு பேரில் ஏழு பேர் வயிற்று உபாதையாலோ நோய் மேலும் மோசமானதாலோ பாதியில் நிறுத்திவிட்டார்கள்.