கந்தையும் காந்தாவும்

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு"ன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. இந்தக் கந்தையை சமஸ்கிருத 'கந்தா'வோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். வங்காளத்தில் அதே சொல் 'காந்தா' என்று ஒரு தையல் கலைக்கே பெயராகிவிட்டது. இன்று கடையில் 'காந்தா ஒர்க்' சேலை கேட்டால் புத்தம்புது பட்டில் பூ போட்டதைத்தான் காட்டுவார்கள். பெயரில் மட்டும் கந்தல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய காந்தாவுக்குப் பெரும்பாலும் எதையும் விலைக்கு வாங்கவில்லை. கட்டிக் கட்டி நைந்துபோன சேலை, வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு அடுக்கு விரிப்பார்கள். நூல்? அதே சேலைகளின் கரையிலிருந்து இழை இழையாக உருவி எடுத்ததுதான். பழைய காந்தாக்களில் சிவப்பும் நீலமும் கறுப்பும் அதிகம் தெரிவது இதனால்தான், கரையில் இருந்த நிறங்கள் அவைதானே! தையலும் நாம் கிழிசலுக்குப் போடுகிற சாதாரண ஓட்டுத் தையல்தான். நெருக்கமாக ஓட்டும்போது அடுக்குகள் இறுகி, துணி முழுக்கச் சின்னச் சின்ன அலையாகச் சுருங்கும். நைந்த துணி அப்படித்தான் மறுபடி உறுதியாச்சு.

நடுவில் தாமரை, நான்கு மூலையிலும் மரமோ மாங்காயோ, மிச்ச இடத்தில் யானை, தேர், படகு. குளிருக்குப் போர்த்த ஒன்று, கண்ணாடியைச் சுற்ற ஒன்று, புத்தகங்களைக் கட்டிவைக்க ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணியைவிட இதுதான் இதம். பலமுறை துவைத்த பருத்தி அவ்வளவு மெத்தென்று இருக்கும்.

ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882–1941) வங்காளக் கிராமங்களில் இவற்றைத் தேடிச் சேர்த்தார். கொல்கத்தா அருகே ஜோகாவில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் மானதாசுந்தரி என்ற பெண் தைத்த 19ஆம் நூற்றாண்டுக் காந்தா ஒன்று இருக்கிறது. தன் பெயரையும், அப்பாவுக்காகத் தைத்தது என்பதையும் நூலாலேயே எழுதியிருக்கிறார். ஓவியத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி! ஆனா இப்படிப் பெயர் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. ஸ்டெல்லா கிராம்ரிஷ் திரட்டி, இப்போது பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கும் காந்தாக்களிலும் பெரும்பாலானவற்றைத் தைத்தது யாரென்று தெரியாது.

மலிவான ஆலைத் துணியும் போர்வையும் வந்தபின் காந்தா தைக்கிற தேவை குறைந்தது. பிறகு 1971க்குப் பிந்தைய வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் பெண்களுக்கு வருமானம் தரும் வேலையாக அது திரும்பி வந்தது. பிராக் அமைப்பு 1978இல் தொடங்கிய ஆரோங் கடைகள் இதில் முக்கியமானவை. கைக்குக் கூலி கிடைத்தது பெரிய விஷயம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துணி புதுசு, நூல் கடையில் வாங்கியது, வடிவம் வேறொருவர் வரைந்து கொடுத்தது. அப்பாவுக்காக என்று எழுத அதில் இடமில்லை.

உங்க வீட்டுப் பரணில் பாட்டி தைத்த பழஞ்சேலைப் போர்வை இருந்தால், யார் தைத்தது, எந்தச் சேலை என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள்.