ஒரு ஓட்டும் ஒரு கையெழுத்தும்

என் அண்ணன் மகன் டல்லாஸ் பக்கம் வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். போன வாரம் வழக்கமான நலம் விசாரிப்பெல்லாம் முடிந்தபின் இப்படி ஒரு கேள்வி கேட்டான்.

"சித்தப்பா, இங்க சிட்டி கவுன்சில் எலெக்சன் முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு. யார் ஜெயிச்சான்னு அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டாங்க. ஆனா இன்னும் சர்டிஃபை பண்ணலையாம். நம்ம ஊர்ல சாயங்காலத்துக்குள்ள மாலை போட்டு வெடி வெடிச்சிருவாங்கல்ல?"

அவனுக்கு அங்கே ஓட்டுரிமை கிடையாது. வேடிக்கை பார்க்கிறவன்தான். ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. போனில் பத்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். அவனைப் போலவே வெளியூரில் இருந்துகொண்டு இரண்டு ஊர்த் தேர்தலையும் பார்க்கிற மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் நான் எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஊர் ஹனூர். கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பாதையில் இருக்கிறது. வங்கி மாற்றல் உத்தரவில் இந்தப் பெயரைப் பார்த்தபோது நானும் வரைபடத்தைத்தான் தேடினேன். திருநெல்வேலிக்காரனுக்கு இது தூரதேசம். வந்து சேர்ந்தபிறகு பார்த்தால், கவுண்டருக்கு வருகிறவர்களில் கணிசமான பேர் தமிழில் பேசுகிறார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. கொள்ளேகால் தாலுகா 1956 அக்டோபர் 31 வரை சென்னை மாகாணத்து கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. நவம்பர் 1 முதல் மைசூர் ராஜ்ஜியம். பிறகு மைசூர் மாவட்டம், 1997லிருந்து சாம்ராஜ்நகர் மாவட்டம். ஹனூர் தனித் தாலுகா ஆனது 2018ல். 1952 முதல் பொதுத்தேர்தலில் சென்னை சட்டசபைக்கு ஓட்டுப் போட்ட மக்கள், அடுத்த தேர்தலில் பெங்களூர் சட்டசபைக்கு ஓட்டுப் போட்டார்கள். வீடு நகரவில்லை, எல்லைக்கோடு நகர்ந்தது.

இனி கேள்விக்கு வருவோம்.

டெக்சாஸில் பல நகரங்களில் கவுன்சிலர் ஆவதற்குப் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கியாக வேண்டும். யாருக்கும் அது கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேருக்குள் மறுபோட்டி. அதற்குப் பெயர்தான் ரன்-ஆஃப். தேர்தல் ராத்திரி டிவியில் சொல்வது அதிகாரப்பூர்வமில்லாத எண்ணிக்கை. தகராறில் நிறுத்திவைத்த ஓட்டுகள், ராணுவத்தில் இருப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய தபால் ஓட்டுகள் எல்லாம் கணக்கில் சேர்ந்தபிறகு, நகரசபையே கூட்டம் போட்டு எண்ணிக்கையைச் சரிபார்த்து ஏற்கும். அதுவரை ஜெயித்தவர் ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நம்மிடம் மறுபோட்டி கிடையாது. ஒரு ஓட்டு கூடுதல் என்றாலும் ஜெயித்தவர் ஜெயித்தவரே. அப்படியானால் சான்றளிப்பது? அது உண்டு. ஒரே நாளில் நடந்துவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை.

எனக்கு இது தெரிந்தது 2024 மக்களவைத் தேர்தலில். வங்கி அதிகாரிகளை நுண் பார்வையாளர்களாக எண்ணும் மேசையில் உட்கார வைப்பார்கள். மைக்ரோ அப்சர்வர் என்பார்கள். நான் பி.காம். படித்தவன், சட்டம் படித்தவனில்லை. ஆனால் அந்த மேசையில் நடந்தது எனக்கு அந்நியமாகவே இல்லை. எங்கள் கிளையில் சாயங்காலம் கேஷ் கணக்கு முடிப்பதைத்தான் பெரிதாகச் செய்கிறார்கள்.

ஓட்டுப்பதிவு முடிந்த அன்று ஒவ்வொரு சாவடியிலும் படிவம் 17-சி என்று ஒரு கணக்கு எழுதுவார்கள். மொத்தம் எத்தனை ஓட்டு பதிவாயிற்று என்று அதில் இருக்கும். அதன் நகல் கட்சி ஏஜெண்டுகளுக்கும் உண்டு. எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் மொத்தமும் அந்தப் படிவத்தின் மொத்தமும் பொருந்த வேண்டும். பிறகு யாருக்கு எத்தனை என்பதை அதே படிவத்தின் இரண்டாம் பகுதியில் எழுதி, ஏஜெண்டுகளிடம் கையெழுத்து வாங்குவார்கள். எல்லாச் சாவடியும் சேர்ந்து படிவம் 20. அதன்பின் மொத்தத்தை வாசிப்பார் தேர்தல் நடத்தும் அதிகாரி.

வாசித்த கையோடு முடிவை அறிவித்துவிடக் கூடாது என்பது விதி. ஒன்றிரண்டு நிமிஷம் பொறுக்க வேண்டும். மறு எண்ணிக்கை வேண்டும் என்கிற வேட்பாளர் அந்த நேரத்தில் எழுத்துமூலம் கேட்கலாம். கேட்டால், ஏற்றாலும் மறுத்தாலும் அதிகாரி காரணத்தை எழுத வேண்டும். அது தீர்ந்தபிறகே அறிவிப்பு, படிவம் 21-சி. பிறகு ஜெயித்தவர் கையில் படிவம் 22, அதுதான் சான்றிதழ். டிவியில் பெரிய உறையோடு சிரித்துக்கொண்டு நிற்பார்களே, அந்தக் காகிதம்.

கையெழுத்து விழுந்துவிட்டால் அந்த அதிகாரியாலேயே அதை மாற்ற முடியாது. 45 நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடுவது ஒன்றே வழி. ஆகவே தோற்றவருக்கு உண்மையில் முக்கியமானது அந்த ஒன்றிரண்டு நிமிஷம்.

அந்த நிமிஷம் எவ்வளவு கனமானது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. கொள்ளேகாலிலிருந்து சாம்ராஜ்நகர் போகிற வழியில் சந்தேமரஹள்ளி என்று ஓர் ஊர். முன்பு அது ஒரு சட்டசபைத் தொகுதி. 2004ல் அங்கே காங்கிரஸின் ஆர். துருவநாராயணா வாங்கிய ஓட்டு 40,752. மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் ஏ.ஆர். கிருஷ்ணமூர்த்தி வாங்கியது 40,751.

ஆமாம், ஒரே ஒரு ஓட்டு. எண்பத்தோராயிரம் பேர் இரண்டு பேருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தபின் ஒருவர் மட்டும் மிச்சம்.

கிருஷ்ணமூர்த்தியின் கார் ஓட்டுநருக்கே அன்று ஓட்டுப்போட நேரம் கிடைக்கவில்லை என்று ஒரு கதை பத்திரிகைகள் வரைக்கும் போயிருக்கிறது. இந்தப் பக்கத்து டீக்கடைகளில் விசாரித்தால் இன்னும் பத்துக் கதை கிடைக்கும். அன்று கல்யாணத்துக்குப் போனவர், மாமியார் வீட்டுக்குப் போனவர், வெயிலுக்குப் பயந்து படுத்துவிட்டவர் என்று ஆளாளுக்கு அந்த ஒரு ஓட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவரைக் காட்டுகிறார்கள்.

எனக்குத் தோன்றியது வேறு. அன்றைக்கு இயந்திரத்தில் காகிதச் சீட்டு கிடையாது. விவிபேட் எல்லாம் பின்னால் வந்தது. ஐந்து சாவடிச் சீட்டுகளை எண்ணி ஒப்பிட வேண்டும் என்ற உச்சநீதிமன்ற உத்தரவே 2019ல்தான். 2004ல் இயந்திரத்தை எத்தனை தரம் அழுத்தினாலும் அதே எண்தான் வரும். அப்படிப்பட்ட நாளில், ஒரு ஓட்டு வித்தியாசத்தில், ஒருவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். முடிவு நின்றது. எங்கள் தொழிலில் ஒரு ரூபாய் இடித்தாலும் ஒரு லட்சம் இடித்தாலும் கணக்கு முடியாது, இரண்டும் ஒன்றுதான். அந்த அதிகாரிக்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும்.

இதே மாதிரி 2008ல் ராஜஸ்தானில் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரு ஓட்டில் தோற்றார். 62,216க்கு 62,215. அவர் அப்போது அந்த மாநிலக் காங்கிரஸ் தலைவர்.

சரி, அந்த ஒரு ஓட்டும் இல்லாமல் இரண்டு பேருக்கும் சமமாக வந்திருந்தால்? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 65 சொல்கிறது: குலுக்கல். சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்ள வேண்டும். டெக்சாஸ்காரன் இரண்டாம் தரம் மக்களிடம் போகிறான், நாம் பானைக்குள் கையை விடுகிறோம்.

அதைக் கேட்டு அண்ணன் மகன் சிரித்தான். சிரிக்காதே என்றேன். அமெரிக்காவிலேயே வர்ஜீனியாவில் ஒரு சட்டசபைத் தொகுதியில் இரண்டு பேரும் 11,608 ஓட்டு வாங்கி, 2018 ஜனவரியில் கிண்ணத்திலிருந்து சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்தார்கள். நமக்கோ இது ஆயிரத்து நூறு வருஷப் பழக்கம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். முதலாம் பராந்தகன் காலம், 919லும் 921லும் எழுதியவை. குடவோலை என்றதும் ஓலை, குடம், சின்னப் பையன் என்பதோடு நின்றுவிடுகிறோம். அதற்கு மேல் படித்தால்தான் விஷயம் இருக்கிறது. சபையார் எல்லோரும் பார்க்கும்படி குடத்தை உயர்த்திக் காட்ட வேண்டும். ஒன்றும் அறியாத பாலகன் ஓலையை எடுத்துக் கொடுக்க, வாங்குகிற மத்யஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை இருக்கக் கூடாதல்லவா! அவன் வாசித்தபின், அங்கே இருக்கிற நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் ஏற்கப்படும்.

இது பிராமண சபை. நிலம், வீடு, வேதப் படிப்பு எல்லாம் தகுதி. ஊரில் பெரும்பாலோருக்கு அதில் இடமில்லை. அதை மறைத்துவிட்டு உலகின் முதல் ஜனநாயகம் என்று மார்தட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை. ஆனால் தேர்தல் முடிவை எப்படிச் சான்றளிக்க வேண்டும் என்பதை அந்தச் சபையார் யோசித்திருக்கிறார்கள். விரித்த உள்ளங்கை, பல வாய்கள் வாசிக்கிற ஒரே ஓலை. இன்றைய 17-சி படிவத்தில் எல்லாக் கட்சி ஏஜெண்டும் கையெழுத்துப் போடுவதும் இதே காரியம்தான். இன்னொன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர்கள் மறுபடி நிற்க முடியாது, அவர்கள் உறவினர்களும் முடியாது. ஒரு வங்கிக்காரனாக அந்த வரிக்கு நான் தனியாக ஒரு கும்பிடு போட்டேன்.

கை மூடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் சொந்த மாவட்டத்துக் கதை. ராதாபுரம் தொகுதி, 2016. அதிமுகவின் இன்பதுரை 69,590, திமுகவின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49. ஆனால் 203 தபால் ஓட்டுகளை எண்ணாமல் தள்ளியிருந்தார்கள். ஏன்? அவற்றில் சான்றொப்பம் போட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள், அவர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று. அதிகாரம் உண்டு, எண்ணுங்கள் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2019 அக்டோபரில். அந்த ஓட்டுகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை போட்டது. 2021ல் அந்தச் சட்டசபையின் ஆயுள் முடியும்வரை அந்த முடிவு வெளிவரவில்லை. அப்பாவு 2021ல் நின்று ஜெயித்துச் சபாநாயகரும் ஆகிவிட்டார். 2016ல் ராதாபுரம் யாரைத் தேர்ந்தெடுத்தது என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

கவனித்தீர்களா? தகராறு யாருக்கு ஓட்டு விழுந்தது என்பதில் இல்லை, கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதில். எங்கள் மேசைக்குத் தினமும் வருகிற கேள்வி அது. பதில் வர மூன்றரை வருஷம் ஆனால் பதிலுக்கு மதிப்பில்லை.

கடைசியாக ஹனூர். 2024 ஏப்ரல் 26, மாதேஸ்வரன் மலைப் பக்கத்தில் இண்டிகநத்தம். ரோடு இல்லை, தண்ணீர் இல்லை என்று ஜனங்கள் தேர்தலைப் புறக்கணித்தார்கள். தகராறு முற்றி வாக்குச்சாவடியை அடித்து நொறுக்கினார்கள், இயந்திரமும் போயிற்று. ஏப்ரல் 29ல் அந்த ஒரு சாவடிக்கு மட்டும் மறுவாக்குப்பதிவு. வந்தவர்கள் மிகச் சிலர். ஜூன் 4ல் எண்ணியபோது சாம்ராஜ்நகர் தொகுதியில் வித்தியாசம் 1 லட்சத்து 88 ஆயிரத்துக்கும் மேல். அந்தச் சாவடி ஓட்டு அத்தனையும் ஒரே பக்கம் விழுந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. ஆனாலும் அந்தச் சாவடியின் படிவம் இல்லாமல் கணக்கு மூடவில்லை. ரோடு கேட்டவர்களை விட்டுவிட்டுக்கூடக் கணக்கை முடித்துவிட முடியாது என்பது நல்ல விஷயம். ரோடு கேட்டவர்களிடம் ஓட்டை மட்டும் மூன்றே நாளில் திரும்பக் கேட்க முடிந்தது என்பது உறுத்தும் விஷயம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆக அண்ணன் மகனுக்கு என் பதில் இதுதான். உங்கள் ஊரில் ஒரு வாரம், எங்கள் ஊரில் சில நிமிஷம். சீக்கிரமா தாமதமா என்பது பெரிசில்லை. ஜெயித்தவனுக்குச் சான்றிதழே தேவையில்லை, அவனுக்கு மாலையே போதும். தோற்றவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பதற்கும், அடுத்த தேர்தலுக்கு மறுபடி வருவதற்கும்தான் அந்தக் கையெழுத்து.

சந்தேமரஹள்ளி தொகுதி 2008 மறுவரையறையில் மறைந்துவிட்டது. ஒரு ஓட்டில் ஜெயித்த துருவநாராயணா பிறகு இரண்டு முறை எம்.பி. ஆனார், 2019ல் 1,817 ஓட்டில் தோற்றார், 2023 மார்ச் 11 அன்று காலமானார். ஒரு ஓட்டில் தோற்ற கிருஷ்ணமூர்த்தி 2018ல் கொள்ளேகாலில் நின்று தோற்றார். 2023 மே மாதம் அதே கொள்ளேகாலில் 59 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார், அதுவும் காங்கிரஸ் சார்பில். பத்தொன்பது வருஷம் கழித்து.

உங்கள் ஊரில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், யார் கூட நின்று பார்க்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஓட்டுரிமை இருக்கிறவர்கள் அடுத்த தடவை கல்யாணத்துக்குக் கிளம்புமுன் சாவடிக்குப் போய்விட்டுப் போங்கள். இருபது வருஷம் கழித்து டீக்கடையில் உங்கள் பெயரைச் சொல்லிவிடப் போகிறார்கள் :-)