மாதிரிக் கார்களில் குரோமியத் தோற்றம்

நெகிழியால் செய்யப்படும் சிற்றளவு மாதிரிக் கார்களின் பம்பர், முன்கிராதி, சக்கர மூடி போன்ற பாகங்களுக்கு உண்மைக் காரில் உள்ளதைப் போன்ற உலோகப் பளபளப்பைத் தரும் முறைகள் குரோமியத் தோற்ற முறைகள் எனப்படுகின்றன. பெயர் இவ்வாறு இருப்பினும், பெரும்பாலான மாதிரிக் கார்களில் குரோமியம் சிறிதும் இல்லை. அங்கே மின்னுவது அலுமினியம்.

உண்மைக் கார்களில் குரோமியம்

குரோமியம் என்ற தனிமத்தை 1797-ல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் கண்டறிந்தார். அதைப் பிற உலோகங்களின் மீது நம்பகமாக மின்முலாம் பூசும் முறை வணிகப் பயன்பாட்டுக்கு வர மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1920களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் பிங்க் நடத்திய ஆய்வுகள் அதற்கு வழி வகுத்தன. அதற்கு முன் கார்களில் பூசப்பட்ட நிக்கல் நாளடைவில் மங்கியது. நிக்கலின் மேல் படிந்த மெல்லிய குரோமியம் மங்காமல் நின்றது.

1950களில் அமெரிக்கக் கார்களின் அழகே குரோமியம் என்ற நிலை உருவானது. 1958-ஆம் ஆண்டு பியூக் காரின் முன்கிராதியில் மட்டும் முலாம் பூசிய 160 சிறு சதுரங்கள் இருந்தன. இத்தகைய கார்களை மாதிரியாகச் செய்பவர்கள் குரோமியத்தைத் தவிர்க்க முடியாது.

தொலைநோக்கியிலிருந்து பொம்மைக்கு

மின்முலாம் பூசப் பொருள் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். நெகிழி மின்சாரத்தைக் கடத்தாது. மேலும் குரோமிய முலாமுக்குப் பயன்படும் அமிலக் கரைசல் நச்சுத் தன்மை உடையது. எனவே மலிவான பொம்மைப் பாகங்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது.

அந்த வழி வானியலிலிருந்து வந்தது. தொலைநோக்கி ஆடிகளுக்கு முன்பு வெள்ளி பூசப்பட்டது. அது காற்றில் விரைவில் கறுத்தது. 1930களில் கலிபோர்னியாவில் ஜான் ஸ்ட்ராங் என்ற இயற்பியலாளர், வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி ஆடிகளின் மீது படியச் செய்தார். 1935-ல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குல ஆடிக்கு இவ்வாறு அலுமினியம் பூசப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதே முறை பொம்மைகள், அலங்காரப் பொருள்கள் முதலியவற்றுக்கும் பரவியது.

மாதிரிக் கார்த் தொழிலில் முன்னணியில் நின்ற ஏ.எம்.டி. நிறுவனம் மிச்சிகன் மாநிலத்தில் 1940களின் இறுதியில் தொடங்கப்பட்டது. அதன் பெயரின் விரிவு ‘அலுமினியம் மாடல் டாய்ஸ்’ என்பதாகும். முதலில் வார்ப்பு அலுமினியத்தில் கார் செய்த அந்நிறுவனம் விரைவில் நெகிழிக்கு மாறியது. 1958-ல் 1:25 அளவில் அதன் பொருத்திச் செய்யும் பெட்டிகள் வெளிவந்தன. 1960களில் பளபளக்கும் பாகங்களைத் தனிச் சட்டகமாக வைப்பது அமெரிக்கப் பெட்டிகளில் வழக்கமாயிற்று. கைவிடப்பட்ட அலுமினியம் ஆவி வடிவில் திரும்பி வந்தது எனலாம்.

செயல்படும் விதம்

முதலில் பாகங்களின் மீது வார்னிஷ் போன்ற ஓர் அடிப்பூச்சு இடப்படுகிறது. பின்னர் காற்று நீக்கப்பட்ட அறையில், மின்சாரத்தால் சூடாக்கப்படும் டங்ஸ்டன் இழைகளில் அலுமினியம் வைக்கப்படுகிறது. அது 1000 பாகை செல்சியசுக்கும் மேல் ஆவியாகி நேர்க்கோட்டில் பரவுகிறது. எல்லாப் பக்கமும் படிவதற்காகச் சட்டகங்கள் சுழற்றப்படுகின்றன. பாலிஸ்டைரீன் நெகிழி 100 பாகை அளவிலேயே இளகக்கூடியது. ஆயினும் படியும் உலோகம் மிகச் சிறிதளவே என்பதால் அது உருகுவதில்லை. இறுதியாக ஒரு மேற்பூச்சு இடப்படுகிறது.

ஆடி போன்ற தோற்றத்தைத் தருவது அடிப்பூச்சின் வழவழப்பே. கீழே கீறல் இருந்தால் மேலேயும் கீறல் தெரியும்.

குறைகளும் மாற்று வழிகளும்

இம்முறையில் மூன்று குறைகள் உள்ளன. சட்டகத்திலிருந்து வெட்டும் இடத்தில் வெறும் நெகிழி தெரிகிறது. முலாமைச் சுரண்டாமல் பசை பிடிப்பதில்லை. அடிப்பூச்சு நுண்ணிய எழுத்துகளையும் கோடுகளையும் மூடிவிடுகிறது. 1:25 அளவில் 0.1 மி.மீ. பூச்சு, உண்மைக் காரில் 2.5 மி.மீ. தடிப்புக்குச் சமம்.

நான்காவது குறை ஒளி சார்ந்தது. அலுமினியம் தன் மீது விழும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்புகிறது. குரோமியம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே அனுப்புகிறது. ஆதலால் ஆலைப் பூச்சு உண்மையைவிட மிகுதியாக மின்னுகிறது.

இக்காரணங்களால் தேர்ந்த மாதிரிக் கலைஞர்கள் ஆலைப் பூச்சையே நீக்கிவிடுவதுண்டு. காரத் தன்மையுள்ள வீட்டு வெளுப்பான் அலுமினியத்தைக் கரைத்துவிடும். அதன் பின் அவர்கள் கையாளும் வழிகள் பல. சன்னல் ஓரப் பட்டைகளுக்கு ‘பேர் மெட்டல் ஃபாயில்’ எனப்படும், பின்புறம் பசை கொண்ட மெல்லிய உலோகத் தாளை ஒட்டி, ஓரங்களைக் கூரிய கத்தியால் வெட்டுவர். பம்பர் போன்றவற்றுக்கு ‘ஆல்கிளாட்’ வகைப் பூச்சை ஏர்பிரஷ் கொண்டு பளபளப்பான கறுப்பின் மீது மிக மெல்லியதாகத் தெளிப்பர். ஜெர்மனியின் ‘மோலோட்டோவ்’ நிறுவனப் பேனாவால் சிறு பகுதிகளுக்குத் தீட்டுவதும் உண்டு.

கறுப்பு அடிப்பூச்சுக்குக் காரணம் உண்டு. குரோமியத்துக்குத் தனக்கென ஒரு நிறம் தெரிவதில்லை. வானத்தையும் சாலையையும் வெளிச்சப் பட்டையாகவும் இருண்ட பட்டையாகவும் அது காட்டுகிறது. சாதாரண வெள்ளி வண்ணம் ஒளியைச் சிதறடித்துச் சாம்பல் நிறமாகத் தோன்றும். வழவழப்பான கறுப்பின் மேல் தட்டையாகப் படியும் நுண்செதில்களோ ஆடிபோல் பிரதிபலிக்கும். அவற்றினூடே கசியும் ஒளியைக் கறுப்பு உறிஞ்சிக்கொள்வதால் இருண்ட பட்டைகள் இருண்டே தெரியும்.

இன்றைய நிலை

குரோமிய முலாமில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. அலங்கார முலாமில் அதன் பயன்பாட்டை 2027 முதல் நிறுத்தக் கலிபோர்னியா மாநிலம் 2023-ல் விதி செய்தது. உண்மைக் கார்த் தொழில் இப்போது மாற்று வழிகளுக்கு நகர்கிறது. ஆனால் மாதிரிக் கார்கள் அந்த நச்சு இல்லாமலேயே அதே தோற்றத்தை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தந்து வந்துள்ளன.